ஊர் என்றால் யார்? இலக்கணச் சொற்களைச் சாதியின் மொழி மீது திருப்புவோம்

(இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியக் கலைச்சொற்கள்: ஓர் அறிமுகம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இங்கே பொறியியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். சட்டம் படிக்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோருக்கு உவமை, உருவகம், ஆகுபெயர் எல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்விகளாகத்தான் அறிமுகமாகியிருக்கும். 'இலக்கணக் குறிப்பு தருக', 'அணியைக் கண்டறிக'. எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம்.

அதனால் இன்று வரையறைகளை வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. ஒரே ஒரு கருத்தைத்தான் சொல்லப் போகிறேன். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் மொழியில் நடக்கிற ஒரு வேலைக்கு வைத்த பெயர். அந்த வேலை கவிதையில் மட்டும் நடப்பதில்லை. செய்தித்தாளின் தலைப்பிலும், வாடகை வீட்டு அறிவிப்புப் பலகையிலும், நீதிமன்றத் தீர்ப்பிலும், நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிற பேச்சிலும் நடக்கிறது. சாதி தன்னை மறைத்துக்கொள்வதற்கும் நியாயப்படுத்திக்கொள்வதற்கும் இதே வேலைகளைத்தான் நம்பியிருக்கிறது. வேலையின் பெயர் தெரிந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அதற்காகத்தான் இதைப் படிக்கச் சொல்கிறேன்.

இலக்கணம் யாருடையது?

முதலில் ஒரு நியாயமான கேள்வி. 'இந்த இலக்கணமே மேலே இருந்தவர்கள் எழுதியதுதானே? அதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பாட்டியல் நூல்கள் என்று ஒரு வகை உண்டு. யாரைப் பற்றி எந்த வகைப் பாட்டை எப்படிப் பாட வேண்டும் என்று விதி சொல்லும் நூல்கள் அவை. வெண்பா அந்தணருக்கு, ஆசிரியப்பா அரசருக்கு, கலிப்பா வணிகருக்கு, வஞ்சிப்பா வேளாளருக்கு என்று அவை பாவுக்கே வருணம் பிரித்தன. எழுத்துகளையும் விடவில்லை, அவற்றுக்கும் வருணம் உண்டு. கலம்பகம் பாடினால் தேவர்களுக்கு 100 பாட்டு, அரசர்களுக்கு 90, வணிகர்களுக்கு 50, வேளாளர்களுக்கு 30. அதற்குக் கீழே இருந்த மக்களுக்கு எத்தனை என்று தேடாதீர்கள். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. படிப்படியாக இறங்கும் ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினாரே, அதைப் பாட்டின் எண்ணிக்கையிலேயே வைத்திருந்தார்கள்.

தொல்காப்பியத்துக்குப் போங்கள். காதலைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தோடு சேர்த்துப் பார்த்த அகத்திணை மரபை உலகமே வியக்கிறது. வியக்க வேண்டியதுதான். ஆனால் அடிமைகளும் ஏவல் வேலை செய்கிறவர்களும் காதலித்தால் அது இந்த ஐந்திணைக்குள் வராது, கைக்கிளை, பெருந்திணையில்தான் வரும் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். நன்னூல் ஓர் ஆசிரியருக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கும்போது முதலில் வைப்பது குலம். மொழிவழக்கு என்பதே உயர்ந்தோரைச் சார்ந்தது என்பதும் மரபு. அதன் மறுபக்கமாக 'இழிசனர் வழக்கு' என்று ஒரு சொல்லும் நம்மிடம் இருந்தது. 1960களில் இலங்கையில் முற்போக்கு எழுத்தாளர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, பண்டிதர்கள் அதை இழிசனர் இலக்கியம் என்றுதான் ஏசினார்கள்.

ஆகவே இந்தச் சொற்கள் கைபடாத தூய சொற்கள் இல்லை. அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரைப் பாருங்கள். பழைய நூல்களை அவர்களிடமே விட்டுவிட்டு ஒதுங்கவில்லை அவர். எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டார், மாற்றுப் பொருள் சொன்னார். அவர் சொன்ன எல்லாப் பொருளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இது எங்களுக்கு உரியதல்ல என்று ஒதுங்க மறுத்தாரே, அந்த நிமிர்வு நமக்கு வேண்டும். கருவி எந்தப் பட்டறையில் செய்தது என்று தெரிந்துகொள்வோம். அதற்குப் பிறகு அதை நம் வேலைக்குப் பயன்படுத்துவோம்.

தகுதி என்று சொல்லி மறைப்பவை

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பொருளை அதற்கு உரிய சொல்லாலேயே சொன்னால் அது இயல்பு வழக்கு. அந்தச் சொல்லை விட்டுவிட்டு, இப்படிச் சொல்வதுதான் தகுதி என்று வேறு சொல்லால் சொன்னால் அது தகுதி வழக்கு. அது மூன்று வகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பள்ளியில் படித்திருப்பீர்கள். அங்கே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். யாருக்குத் தகுதி?

மங்கலம் என்பது, மங்கலமில்லாத ஒன்றை மங்கலமான சொல்லால் சொல்வது. செத்தார் என்பதற்குப் பதிலாகத் துஞ்சினார், இயற்கை எய்தினார் என்கிறோம். சுடுகாட்டை நன்காடு என்றார்கள். துக்க வீட்டில் இது மனிதப் பண்பு. ஆனால் சாதி மீறிக் காதலித்ததற்காகப் பெற்ற மகளையும் அவளுடைய இணையையும் கொல்வதற்குக் 'கௌரவக் கொலை' என்று பெயர் வைத்தார்களே, அதுவும் மங்கலம்தான். கொலைக்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டுகிற வேலை. 2003இல் விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இதில் எங்கே இருக்கிறது கௌரவம்? கொன்றவனின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற செய்தியாளர், அறிந்தோ அறியாமலோ, கொன்றவனின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறார். தமிழ்நாட்டில் சாதி ஒழிப்பு இயக்கங்கள் அந்தச் சொல்லை எதிர்த்து 'ஆணவக் கொலை' என்ற சொல்லை முன்வைத்தன. இன்று ஊடகங்களும் பெரும்பாலும் அதையே எழுதுகின்றன. ஒரு சொல்லை மாற்றியதால் கொலைகள் நின்றுவிடவில்லை. ஆனால் கொன்றவன் பக்கம் நின்று பேசாமல் இந்தக் குற்றத்தைப் பேச நமக்கு ஒரு சொல் கிடைத்தது. சிறிய விஷயம் இல்லை அது.

அடுத்தது இடக்கரடக்கல். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. கழிப்பறைக்குப் போய் வந்ததைக் 'கால் கழுவி வந்தேன்' என்று சொல்வது பழைய எடுத்துக்காட்டு. இன்றைய எடுத்துக்காட்டை நான் தருகிறேன். சாதித் தாக்குதல் பற்றிய செய்திகளை ஒரு மாதம் தொடர்ந்து படித்துப் பாருங்கள். தாக்கப்பட்டவர் 'பட்டியலினத்தைச் சேர்ந்தவர்' என்று தெளிவாக இருக்கும். தாக்கியவர் 'மாற்றுச் சமூகத்தைச் சேர்ந்தவர்', 'குறிப்பிட்ட சமூகத்தினர்' என்று வருவார். இல்லையென்றால் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று வரும். அடித்ததும் அடிவாங்கியதும் ஒரே சொல்லுக்குள் சமமாகிவிடும். கூச்சம் யாருக்காகப் படுகிறோம் என்று பாருங்கள். அடிவாங்கியவரின் அடையாளத்தைச் சொல்லக் கூச்சம் இல்லை. அடித்தவரின் அடையாளத்தைச் சொல்லத்தான் கூசுகிறது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதைப் பேசும்போது எத்தனை பேர் 'அசுத்தம்', 'கழிவு' என்று சொல்லைச் சுருக்கிக்கொண்டார்கள்! நாம் சொல்லக் கூசுகிற பொருள் ஒரு குழந்தையின் தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் சபை நாகரிகம் பார்ப்பது யாருக்கு உதவும்?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மறைத்துச் சொல்வது எல்லாமே தவறில்லை. இழிவான பெயர்களை விட்டுவிட்டு 'தூய்மைப் பணியாளர்' என்று சொல்வது ஒரு மனிதரின் மரியாதையைக் காக்கிறது. 'மாற்றுச் சமூகத்தினர்' என்பது குற்றம் செய்தவரைக் காக்கிறது. ஒரு சொல் யாரைக் காக்கிறது என்று கேட்டால் போதும், விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசுவது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்று சொல்வார்கள் என்பது உரைகாரர்கள் காலத்து எடுத்துக்காட்டு. வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இன்றைய குழூஉக்குறிகள் நன்றாகத் தெரியும். 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற பலகையில் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று உங்களில் யாராவது நம்புகிறீர்களா? 'சொந்த ஊர் எது தம்பி? அங்க எந்தத் தெரு?' 'உங்க குலதெய்வம் எதும்மா?' 'நம்மாளா?' இவையெல்லாம் கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். வழக்குப் போட முடியாத கேள்விகள். சாதி என்ற சொல்லையே உச்சரிக்காமல் சாதி கேட்பதற்கு நம் சமூகம் ஒரு தனி அகராதியே வைத்திருக்கிறது. நகரத்தில் சாதி இல்லை என்கிறவர்கள் அந்த அகராதியைத் தேவைப்படும்போது சரியாகப் புரட்டத் தெரிந்தவர்கள்.

ஊர் கூடியது

ஆகுபெயருக்கு வருகிறேன். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். 'ஊர் சிரித்தது' என்றால் மண்ணும் மரமும் சிரிக்கவில்லை, அங்கே வாழும் மனிதர்கள் சிரித்தார்கள். இது இடவாகுபெயர். இதோடு பாடம் முடிந்துவிடும்.

நாம் இன்னொரு அடி எடுத்து வைப்போம். 'ஊர்க் கூட்டம் போட்டார்கள்', 'ஊர்ப் பொதுக் கிணறு', 'ஊர்த் திருவிழா', 'ஊர் முடிவு' என்கிறோம். இந்த 'ஊர்' யார்? ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற ஒரு கிராமத்தில், 'ஊர்' என்ற சொல் சேரியில் இருக்கிற மனிதர்களுக்கு ஆகி வருவதே இல்லை. ஊர் கூடி முடிவெடுத்தது என்றால் ஆதிக்கச் சாதியினர் கூடி முடிவெடுத்தார்கள் என்று பொருள். சேரிக்காரர்கள் அந்த முடிவைக் கேட்டுக்கொள்கிறவர்கள். ஒரு பகுதி தன்னை முழுமை என்று அழைத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பவர்கள் அதே ஊராட்சியின் வாக்காளர்களாக இருந்தும் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு எதிராக அம்பேத்கர் அவ்வளவு கடுமையாகப் பேசியது ஏன் என்று புரிய, இந்த ஒரு ஆகுபெயரைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

மறுபக்கத்தில் 'காலனி'. குடியிருப்பு என்று மட்டும் பொருள்படும் ஆங்கிலச் சொல். சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ வசதியான காலனிகள் இருக்கின்றன, அங்கே யாருக்கும் அது வலிப்பதில்லை. கிராமத்தில் 'காலனிப் பசங்க', 'காலனிக்காரன்' என்று சொன்னால் அது இடத்தைச் சொல்வதில்லை, சாதியைச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை 'காலனி' என்று கூப்பிடுவதைக் கேட்டவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். கூடவே ஆகுபெயரின் இயல்பையும் நினைவில் வைத்துக்கொள்வோம். ஒரு பெயரை நீக்கினாலும், சுடுகாட்டுப் பாதை தனியாக, தண்ணீர்க் குழாய் தனியாக, குடியிருப்பு தனியாக இருக்கும்வரை, புதிதாக வைக்கிற பெயர் மீதும் அதே பொருள் ஏறிக்கொள்ளும். பெயர் மாற்றம் தொடக்கமாக இருக்கலாம், முடிவாக இருக்க முடியாது.

விஷவாயு தாக்கியது

தற்குறிப்பேற்ற அணி எல்லோருக்கும் நினைவிருக்கும். இயல்பாக நடக்கிற ஒன்றின் மீது கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. காற்றில் அசைகிற மதுரைக் கொடிகள், கோவலனை உள்ளே வராதே என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் சொன்னதைத்தான் எல்லாப் பாடநூலும் எடுத்துக்காட்டும். இயற்கைக்கு மனித மனம் கொடுக்கிற அணி அது.

இப்போது நாம் அடிக்கடி படிக்கிற ஒரு தலைப்பைப் பாருங்கள்: 'விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் பலி'. இந்த வாக்கியத்தில் எழுவாய் எது? வாயு. தாக்கியது யார்? வாயு. அதற்குக் கையும் காலும் மனமும் கொடுத்தாயிற்று. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒரு மனிதரை இறங்கச் சொன்னவர் அந்த வாக்கியத்தில் இல்லை. பாதுகாப்புக் கருவி கொடுக்காத ஒப்பந்ததாரர் இல்லை, வீட்டு உரிமையாளர் இல்லை, அதிகாரி இல்லை. தற்குறிப்பேற்றம் தலைகீழாக நடக்கிறது. மனிதர் செய்ததை எடுத்து இயற்கையின் மீது ஏற்றிவிட்டார்கள்.

சட்டம் இப்படிப் பேசவில்லை. கையால் மலம் அள்ளும் வேலைக்கு மனிதர்களை அமர்த்துவதை 1993இலும் 2013இலும் வந்த சட்டங்கள் குற்றமாக்கின. பாதாளச் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தின் பார்வையில் அங்கே ஒரு குற்றவாளி உண்டு. செய்தித் தலைப்பில் வாயு மட்டும்தான் உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால், எழுவாயைத் தேடுங்கள். 'பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் இறக்கப்பட்டதால் தொழிலாளர்கள் மரணம்' என்று எழுதிப் பாருங்கள். யார் இறக்கியது என்ற அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும்.

உடம்பா, கட்டடமா?

உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் தெரியும்தானே? 'மலர் போன்ற முகம்' உவமை. 'போன்ற' என்ற உருபு எடுபட்டு, முகமே மலர் என்று ஒன்றாகிவிட்டால் அது உருவகம். உவமையில் இரண்டும் வேறு வேறு என்ற நினைவு இருக்கும். உருவகத்தில் அந்த நினைவு அழிந்துபோகும். அதனால்தான் அரசியலுக்கு உருவகம் அவ்வளவு பிடிக்கும்.

சாதியின் மிகப் பழைய உருவகம் ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தில் இருக்கிறது. சமூகம் ஓர் உடம்பு. வாய் பிராமணன், தோள் சத்திரியன், தொடை வைசியன், பாதம் சூத்திரன். அம்பேத்கர் 'சூத்திரர்கள் யார்?' என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஓர் உருவகமாக இது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். உடம்பில் பாதம் தலையாக முடியாது. ஆசைப்படவும் கூடாது. பாதம் கலகம் செய்தால் உடம்பே விழுந்துவிடும் என்று பயம் காட்டலாம். யாரும் செய்யாமல், பிறக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றும் சொல்லலாம். வாதம் எதுவும் தேவைப்படவில்லை, உருவகமே வாதத்தை முடித்துவிட்டது.

1920இல் 'மூக்நாயக்' இதழின் முதல் இதழில் அம்பேத்கர் ஒரு மாற்று உருவகத்தைக் கொண்டுவந்தார். இந்து சமூகம் பல மாடிகள் கொண்ட ஒரு கோபுரம். ஆனால் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போகப் படிக்கட்டு கிடையாது. பிறந்த மாடியிலேயே சாக வேண்டும். வித்தியாசத்தைக் கவனியுங்கள். உடம்பு பிறக்கிறது, கட்டடத்தை யாரோ கட்டுகிறார்கள். கட்டியவர் உண்டு, வரைபடம் உண்டு, படிக்கட்டு வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் உண்டு. கட்டியதை இடிக்கவும் முடியும். ஓர் உருவகத்தை இன்னோர் உருவகத்தால் அவர் எதிர்கொண்டார்.

நம் பக்கத்து உருவகங்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 'சாதி ஒரு நோய்', 'சாதி ஒரு புற்று' என்று மேடையில் பேசுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோயை யாரும் திட்டமிட்டு உண்டாக்குவதில்லை, நோயால் யாருக்கும் லாபமில்லை. சாதியால் நிலம் கிடைக்கிறது, மலிவான கூலியாள் கிடைக்கிறது, கோயிலில் முதல் மரியாதை கிடைக்கிறது. நோய் என்று சொன்னதும் லாபம் பெறுகிறவரும் நோயாளியாகி, நம் பரிதாபத்துக்கு உரியவராகிவிடுகிறார்.

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதியைச் செங்கல் சுவர் போன்ற ஒரு பொருளாக எண்ணாதீர்கள், அது மனத்தில் இருக்கிறது என்ற கருத்தை அம்பேத்கர் சொல்கிறார். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் நிஜமாகவே சுவரைக் கட்டினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதிதான் இடிக்கப்பட்டது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில், அந்த மக்கள் தீண்டாமைச் சுவர் என்று சொன்ன சுவர் மழையில் இடிந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். மனத்தில் இருந்த சுவர்தான் அங்கே கல்லாகவும் கட்டப்பட்டது. அதனால் ஒரு கவிதையில் 'சுவர்' என்று வந்தால் அது குறியீடு என்று மட்டும் தேர்வில் எழுதிவிட்டு நகராதீர்கள். சிலருக்குக் குறியீடாக இருப்பது சிலருக்கு வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது.

யார் கதை சொல்கிறார்கள்?

கதைக்கு இரண்டு கலைச்சொற்கள் போதும். நோக்குநிலை, பாத்திரப் படைப்பு. யார் கண்ணால் கதை பார்க்கப்படுகிறது, மனிதர்கள் எப்படிப்பட்டவர்களாகக் காட்டப்படுகிறார்கள்?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும், செங்கொடி பிடித்ததும் அவர்கள் செய்த குற்றம். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு வசதி படைத்த மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் வெளிப்பட்ட எண்ணம். இது பாத்திரப் படைப்பு இல்லாமல் வேறென்ன? பணக்காரர் என்ற பாத்திரம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று முன்பே ஒரு கதை மனத்தில் இருக்கிறது. சாட்சிகள் சொன்னது அந்தக் கதைக்குப் பொருந்தவில்லை.

இந்த நிகழ்வை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதில் நிலக்கிழாரின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறைபாடும் மனச்சிக்கலும் காரணங்களாகின்றன என்று இடதுசாரிகள் அப்போதே விமர்சித்தார்கள். கூலிப் பிரச்சினை ஒரு தனிமனிதரின் உடல் பிரச்சினையாக மாறிவிட்டது என்பதுதான் விமர்சனத்தின் சாரம். நாவலைப் படியுங்கள். படிக்கும்போது, எரிந்த குடிசைக்குள் இருந்தவர்களின் கண்ணால் எத்தனை பக்கங்கள் சொல்லப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நோக்குநிலை என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

'அணி இருக்கா?'

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். தலித் தன்வரலாறுகளை ஆராயப் போகிறேன் என்று சொன்னேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர், "அதுல ஆராய என்னம்மா இருக்கு? ஒரே புலம்பல். அணி இருக்கா, நயம் இருக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை வேறு வேறு சொற்களில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'பிரச்சாரம்', 'அழகியல் இல்லை', 'பதிவு மட்டும்தான்'.

பதில் நூல்களிலேயே இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற, ரம்பப் பல் போன்ற முள்விளிம்பு. எந்தப் பக்கம் பிடித்தாலும் அறுக்கும். அந்தச் சொல்லுக்குள் 'கரு' என்ற சொல்லும் இருக்கிறது. அறுபடுவதும் புதிதாக உருவாவதும் ஒரே சொல்லில். விறகு பொறுக்கப் போனவர்களின் கையில் கீறிய ஒரு பொருள் நூலுக்கே உருவகமாக நிற்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுக்கிற வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. கோவேறு கழுதை வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பாரம் சுமக்கும், தனக்கென்று வம்சம் கிடையாது. தலைப்பிலேயே அந்த வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. பூமணியின் 'பிறகு', கே. டானியலின் 'பஞ்சமர்' என்று இந்த வரிசை நீளும்.

அங்கதத்துக்கு வாருங்கள். நேரடியாக வசை பாடினால் செம்பொருள் அங்கதம், பழியை மறைத்து வைத்துப் பேசினால் பழிகரப்பு அங்கதம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. பண்ணையாரிடம் நேரடியாகப் பேச முடியாத ஒருவர், வெகுளி போல ஒரு கேள்வி கேட்டு அவரைச் சிரிப்புக்கு ஆளாக்குவது பழிகரப்பு அங்கதம். பாமாவின் 'கிசும்புக்காரன்' கதைகளில் அந்தக் குறும்பைப் பாருங்கள். ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திரம்' நூலில் தன் வாழ்க்கையையே கிண்டலாக எழுதிக்கொண்டு போகிறார். சிரித்துக்கொண்டே படிப்போம், எதற்காகச் சிரித்தோம் என்று அப்புறம்தான் உறைக்கும். புலம்பலா இது?

அணி இருக்கிறது. நயமும் இருக்கிறது. நிலவையும் தாமரையையும் மட்டும் தேடிப் பழகிய கண்ணுக்குப் பனங்கருக்கு தெரிவதில்லை. அது எழுதியவரின் குறை இல்லை. இதை உரிமையோடு சொல்ல வேண்டுமென்றால், அவர்கள் பேசுகிற கலைச்சொற்கள் அவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிக்கும் முன் ஒரு வேலை கொடுக்கிறேன். நாளைக் காலையில் ஏதாவது ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சாதி தொடர்பான ஒரே ஒரு செய்தி போதும். அதில் எழுவாய் யார், அவர் எங்கே காணாமல் போனார்? எந்தச் சொல் எந்தச் சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கிறது, அது யாரைக் காக்கிறது? என்ன உவமை, என்ன உருவகம், அதில் செய்தவர் மனிதரா, இயற்கையா? யார் கண்ணால் சொல்லப்பட்டிருக்கிறது? இந்த நான்கு கேள்விகளோடு அதைத் திருப்பி எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதியதை இங்கே சேர்ந்து வாசிப்போம், திருத்துவோம், முடிந்தால் அந்தச் செய்தித்தாளுக்கே அனுப்புவோம்.

 ஜெய் பீம்.